ஜவளகிரிக்கு எத்தனை மைல்?

கென்னத் ஆண்டர்சனை இதுவரை மூன்று தடவை, மூன்று விதமாகப் படித்திருக்கிறேன். முதல் தடவை பி.இ. இரண்டாம் வருடம், விடுதி அறையில், மறுநாள் கணிதத் தேர்வை வைத்துக்கொண்டு. அப்போது அது புலிக்கதை. எந்தப் புலி எத்தனை பேரைத் தின்றது, கடைசியில் எப்படிச் செத்தது, அவ்வளவுதான். இரண்டாவது தடவை வேலைக்காகப் பெங்களூர் வந்த பிறகு, பக்கத்தில் வரைபடத்தை விரித்துக்கொண்டு. அப்போது அது வழிகாட்டிப் புத்தகம். மூன்றாவது தடவை போன வருடம். அது எந்த விதம் என்று ஒரு வார்த்தையில் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வழக்கமான எச்சரிக்கை: நான் வனவியல் படித்தவன் இல்லை. பகலில் கோட் எழுதிப் பிழைக்கிறவன். சனி ஞாயிறுகளில் பழைய புத்தகங்களில் வரும் இடங்களைத் தேடிக்கொண்டு போகிற வியாதி உண்டு. "காட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு வீட்ல உக்காந்து லேப்டாப்தானே பாக்குறீங்க" என்பது மனைவியின் விமர்சனம். பாதி உண்மை.

ஆண்டர்சனைத் தெரியாதவர்களுக்காக ஒரு பாரா. 1910-ல் பிறந்து 1974-ல் இறந்தவர். பெங்களூர்க்காரர். விமானத் தொழிற்சாலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் காடு. முதல் புத்தகம் 'நைன் மேன்-ஈட்டர்ஸ் அண்ட் ஒன் ரோக்' 1954-ல் லண்டனில் வெளியானது. பிறகு வரிசையாகப் பல புத்தகங்கள். கடைசியாக வந்த 'ஜங்கிள்ஸ் லாங் அகோ' அவர் இறந்த பிறகு 1976-ல் வெளியானது. ஜிம் கார்பெட்டுக்குக் குமாவோன் மாதிரி இவருக்கு நம்முடைய பழைய சேலம் மாவட்டத்தின் வடமேற்கு மூலை: ஓசூருக்குத் தெற்கே தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டி, அங்கிருந்து பென்னாகரம், ஒகேனக்கல் வரை. (அவர் எழுதும்போது அது சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளவும். நான் ஒரு முழு வாரம் தப்பான மாவட்டத்தின் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.)

கன்னடத்தில் இவருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் தமிழில் கிடைக்கவில்லை. பூர்ணசந்திர தேஜஸ்வி மாதிரி ஒரு பெரிய எழுத்தாளரே உட்கார்ந்து 'காடின கதெகளு' என்று தொகுதி தொகுதியாக இவரைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தார். என்னோடு வேலை செய்யும் கன்னட நண்பர்கள் பலருக்கு ஆண்டர்சன் ஆங்கில எழுத்தாளர் என்பதே பிறகுதான் தெரியும். அவர்களுக்கு அது பள்ளிக்கூட நூலகத்தில் படித்த கன்னடப் புத்தகம். கதை நடக்கும் காட்டில் பாதி தமிழ்நாட்டில் இருக்கிறது, அதைக் கொண்டாடுவது பக்கத்து மாநிலம்! சரி, இந்தப் புலம்பலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டர்சன் கதைகளில் புலியோ சிறுத்தையோ வருவதற்கு முன்னால் கண்டிப்பாக ஒன்று வரும்: வழி. பெங்களூரிலிருந்து எத்தனை மைல், எந்த ஊரில் தார் ரோடு முடிகிறது, எங்கே காரை நிறுத்த வேண்டும், அங்கிருந்து எந்தப் பக்கம் நடக்க வேண்டும். 'சிவனிப்பள்ளிக் கருஞ்சிறுத்தை'யில் அந்தச் சின்ன ஊரை மையமாக வைத்துக்கொண்டு எந்தத் திசையில் மேடு, எந்தத் திசையில் ஓடை, தண்ணீர் எங்கே நிற்கும், மூங்கில் எங்கே அடர்ந்திருக்கும் என்று கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் சிறுத்தையையே உள்ளே விடுகிறார். முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை நான் தாண்டிப் போயிருக்கிறேன். கதைக்குத் தேவையில்லாத வர்ணனை என்று நினைப்பு. இரண்டாம் வாசிப்பில்தான் அவைதான் சரக்கு என்று புரிந்தது. சிறுத்தை எங்கே மறைந்தது, ஏன் அந்தப் பக்கம் திரும்பியது என்பதற்கெல்லாம் பதில் அந்த நான்கு திசையில் முன்கூட்டியே இருக்கிறது. நம்முடைய பாஷையில் சொன்னால், மாறிகளை முதலில் அறிவித்துவிட்டுத்தான் நிரலை ஓட்டுகிறார்.

ஆகவே நானும் ஓட்டிப் பார்த்தேன். அவர் ஆங்கிலத்தில் எழுதும் 'டென்கனிகோட்டா' தேன்கனிக்கோட்டை, 'ஜௌலகிரி' ஜவளகிரி, 'பென்னாக்ரம்' பென்னாகரம். பெரிய ஊர்களில் சிக்கல் இல்லை. ஓடைகள், குட்டைகள், ஆட்கள் காலிசெய்துவிட்டுப் போன மாட்டுப்பட்டிகள்தான் உயிரை வாங்கும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்று போட்ட பழைய சர்வே வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவர் சொல்லும் மைல்களை 1.6-ஆல் பெருக்கி, ஓடை எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டே போனால் அநேகமாக இடம் வந்துவிடுகிறது. பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை இன்றைக்குச் சுமார் 65 கிலோமீட்டர். ஓசூர் வரை நெரிசலைத் தாண்டிவிட்டால் அதற்குப் பிறகு ராகிக் கொல்லைகள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கதிர் முற்றும் நேரத்தில் பன்னர்கட்டா பக்கமிருந்து ஜவளகிரிக் காடு வழியாக யானைகள் இறங்கி வரும். அந்த மாதங்களில் பரண்மேல் ஆள் படுத்திருப்பதைப் பார்க்கலாம். படுத்திருக்கிறாரே தவிர தூங்க மாட்டார்.

ஆண்டர்சனின் ஊரே இப்போது மாறிப்போச்சு என்பதையும் சொல்ல வேண்டும். 'ஜாலஹள்ளிக் கொலையாளி' என்று ஒரு சிறுத்தைக் கதை எழுதியிருக்கிறார். அந்த ஜாலஹள்ளியில் இன்றைக்கு மெட்ரோ ரயில் நிற்கிறது. அந்த நிலையத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும், பக்கத்தில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் அப்படி இல்லை. அங்கே காடு இன்னும் காடுதான். 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக 504 சதுர கிலோமீட்டர், 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக இன்னும் 686 சதுர கிலோமீட்டர் என்று அறிவிப்பு வந்தது. உலர்ந்த இலையுதிர் காடு, முள்புதர், ஓடை ஓரங்களில் மட்டும் நீர்மருதும் புளியும் நெடுநெடுவென்று. அந்த நீர்மருதின் உச்சியில் சாம்பல் நிற மலை அணில் கூடு கட்டும். காவிரியில் நீர்நாயும் முதலையும் உண்டு. மரம் தெரியாதவர்களுக்கு முதல் பார்வையில் 'என்ன சார் வெறும் புதரா இருக்கு' என்று தோன்றும் காடு. ஊட்டி, மூணாறு படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அந்த ஏமாற்றத்தை ஆண்டர்சன் எப்படிச் சமாளிக்கிறார் என்பது கவனிக்க வேண்டியது. அவர் இந்தக் காட்டைக் கண்ணுக்கு அழகாக்க மெனக்கெடுவது குறைவு. காதுக்குக் கொடுக்கிறார். முதல் புத்தகத்தின் முதல் கதையான ஜவளகிரி ஆட்கொல்லியே நிலா வெளிச்சத்தில் ஒரு ராத்திரிக் காட்டோடுதான் தொடங்குகிறது. கடமான் எங்கே கத்தியது, அதற்கு எந்தப் பக்கமிருந்து இன்னொன்று பதில் சொன்னது, எப்போது எல்லாம் சேர்ந்து அமைதியானது என்று சத்தத்தை வைத்தே விலங்கு நகரும் பாதையை வரைந்துவிடுகிறார். நம் செயலிகளில் தடத்தைப் பதிவு செய்யலாம், உயரத்தைப் பதிவு செய்யலாம், இதயத்துடிப்பைக்கூடப் பதிவு செய்யலாம். எங்கே நின்று எவ்வளவு நேரம் சும்மா இருந்தோம் என்பதை அவை 'ஓய்வு நேரம்' என்று கழித்துவிடும். ஆண்டர்சனில் அந்தக் கழித்த நேரம்தான் கதை.

குறைகளும் உண்டு, மறைக்கப்போவதில்லை. பத்துக் கதை படித்தால் பதினொன்றாவதன் அமைப்பு தெரிந்துவிடும். ஊர், வழி, முதல் பலி, கட்டி வைத்த எருமைக்கன்று, பரண், ஏமாற்றம், இன்னொரு பலி, கடைசித் தோட்டா. ஆண்புலி மாதிரி குரல் கொடுத்துப் பெண்புலியை வரவழைப்பதெல்லாம் ஜவளகிரிக் கதையில் மயிர்க்கூச்செறிய வைக்கிறது. மற்ற கதைகளையும் சேர்த்துப் படிக்கும்போது 'கொஞ்சம் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார் மனுஷன்' என்ற சந்தேகம் எனக்கு உண்டு. கார்பெட்டிடம் இந்தச் சந்தேகம் எனக்கு வந்ததில்லை. ஆனால் கார்பெட்டிடம் இந்த விளையாட்டுத்தனமும் இல்லை. ஒரு விஷயத்தில் ஆண்டர்சனுக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்: ஆட்கொல்லி தானாகப் பிறப்பதில்லை, பெரும்பாலும் எவனோ ஒருவன் சரியாகச் சுடாமல் விட்ட காயத்தில்தான் பிறக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். தன் வர்க்கத்தைச் சேர்ந்த வேட்டைக்காரர்களையும் இதில் விட்டுவைக்கவில்லை.

இப்போது பைரனுக்கு வருவோம்.

முதல் புத்தகத்திலேயே 'பைரா த பூஜாரி' என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. பைரன், ஆண்டர்சன் 'பூசாரி' என்று குறிப்பிடும் காட்டுக்குடியைச் சேர்ந்தவர். சின்னாற்றுப் பக்கம் இருவரும் முதன்முதலில் சந்திக்கும்போது பைரன் திருட்டு வேட்டைக்காரர். ஆண்டர்சன் காட்டிக்கொடுப்பதில்லை. அங்கே தொடங்கும் நட்பு பல வருடங்கள், பல கதைகள் நீடிக்கிறது. தடம் பார்ப்பது, காற்று பார்ப்பது, எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று சொல்வது, எல்லாம் பைரன். பென்னாகரத்து ரங்காவும் இப்படித்தான் கதைக்குக் கதை வருவார். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு கதைகளில் 'இந்தத் தகவல் ஆண்டர்சனுக்கு எப்படித் தெரிந்தது?' என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். முக்கியமான திருப்பங்களில் திரும்பத் திரும்ப யாராவது ஒரு மாடு மேய்ப்பவர், ஒரு வண்டிக்காரர், ஒரு காட்டுக்காவலர், இல்லாவிட்டால் பைரன் வந்துகொண்டே இருந்தார்கள். தோட்டா மட்டும் துரையுடையது.

இதைக் கண்டுபிடித்ததும் நான் பெரிய ஆராய்ச்சியாளர் போல 'காலனிய வேட்டை இலக்கியத்தில் மறைக்கப்பட்ட வழிகாட்டிகள்' என்று ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், மறைக்கவில்லையே? பெயர் சொல்கிறார். ஊர் சொல்கிறார். அத்தியாயத்துக்கே அவர் பெயரை வைக்கிறார். சிவனிப்பள்ளியில் மோப்பம் பிடித்துக் காயம்பட்ட சிறுத்தையிடம் கூட்டிப்போன நாட்டு நாய்க்குக்கூட 'குஷ் குஷ்' என்று பெயர் போட்டு நன்றி சொல்கிறார். அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டை நூல்கள் பலவற்றில் 'என் ஷிகாரி' என்று பெயரில்லாமல் போய்விடும் ஆள் இங்கே பெயரோடு இருக்கிறார். பைரனைக் கொஞ்சம் 'விசுவாசமான காட்டுமனிதன்' அச்சில் வார்த்திருக்கிறார், அவர் வாயில் பழைய நாடகத்து ஆங்கிலத்தைத் திணிக்கிறார், அதெல்லாம் உண்மை. ஆனாலும் பெயர் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே காடு, ஒரே மான். உரிமம் வைத்திருப்பவர் சுட்டால் அது வேட்டை. நாட்டுத்துப்பாக்கியோடு பைரன் உட்கார்ந்தால் அது திருட்டு. 1882-ன் சென்னை வனச் சட்டம் வந்து 'காப்புக் காடு' என்று கோடு போட்ட பிறகு பைரனின் பாட்டன் நடந்த இடத்தில் பைரன் அத்துமீறுகிறவர் ஆகிவிட்டார். அப்படிப்பட்ட ஒருவரின் பெயரையும் அவர் திரியும் ஆற்றையும் அவர் செய்த குற்றத்தையும் 1954-ல் அச்சுப் புத்தகத்தில் போடுகிறார் ஆண்டர்சன். இது நன்றியா, சாட்சியமா?

அவருக்கு அது நன்றியாகவே முடிந்திருக்கலாம். காரணம் தூரம். புத்தகம் வந்தது லண்டனில். அதை வாங்கியவர் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு மூடி வைத்திருப்பார். மைல் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு சின்னாற்றுக்கு வந்து 'யாருப்பா இங்க பைரன்?' என்று கேட்கப் போவதில்லை. ஆண்டர்சனின் துல்லியம் ஆபத்தில்லாமல் இருந்ததற்குக் காரணம் அவருடைய வாசகர்கள் கப்பல் தூரத்தில் இருந்தது. இதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. வேறு விதமாகக் கற்றுக்கொண்டேன்.

2015-ல் அந்தப் பக்கம் ஒரு வனவிலங்குக் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலனாகப் போயிருந்தேன். முறையான அனுமதியோடுதான். எங்கள் குழுவுக்கு வழிகாட்டியாக வந்தவர் காட்டோர இருளர் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். (ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை.) மூன்று நாள் அவர் பின்னால் நடந்தேன். யானை லத்தியைக் காலால் புரட்டி, 'விடியறதுக்கு முன்னாடி போயிருக்கு, குட்டி கூட இருக்கு' என்று சொல்வார். கொஞ்சதூரத்தில் குட்டியின் கால்தடம் இருக்கும். ஓர் இடத்தில் எங்களை அரைமணி நேரம் உட்கார வைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, 'லங்கூர் பேசிட்டிருந்துச்சு, நிறுத்திடுச்சு, அதான்' என்றார். எனக்கு ஆண்டர்சன் புத்தகத்துக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

திரும்பி வந்து ஆண்டர்சன் பாணியிலேயே எழுதினேன். தேன்கனிக்கோட்டையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எங்கே தார் ரோட்டை விட்டுத் திரும்ப வேண்டும், ஓடை எங்கே பிரிகிறது, யானைகள் தண்ணீர் குடிக்கும் பள்ளம் எங்கே. ஜிபிஎஸ் தடத்தைக் கோப்பாகவே கீழே இணைத்தேன். கடைசியில் மறக்காமல் பெரியவரின் பெயரையும் ஊரையும் போட்டு, ஒரு புகைப்படத்தையும் வைத்து நன்றி சொன்னேன். எனக்குக் கிடைத்த அனுமதி கணக்கெடுக்கத்தான், வழியை அச்சடிக்க இல்லை என்பது அப்போது உறைக்கவே இல்லை. நிறையப் பேர் படித்தார்கள். 'இதுபோல் தமிழில் வந்ததில்லை' என்று பாராட்டு. தலை கால் புரியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறேழு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் அந்த ஓடைப் படுகை வழியாக ஏறியிருக்கிறார்கள். கையில் இருந்தது என் கோப்பு. அனுமதி எதுவும் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். பள்ளத்துக்குப் பக்கத்தில் குட்டியோடு நின்ற யானைக்கூட்டம் திரும்பித் துரத்தியிருக்கிறது. வண்டிகளைப் போட்டுவிட்டு ஓடியதில் ஒருவனுக்குக் காரை எலும்பு முறிந்தது. உயிர் போகவில்லை என்பது யானையின் தயவு. விசாரணை என்று வந்தபோது, 'போன்ல பாத்து வந்தோம்' என்று சொல்வதைவிட 'ஒரு பெரியவர் வழி காட்டினார்' என்று சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது. பெயரும் ஊரும் போட்டோவும்தான் என் பக்கத்தில் தயாராக இருந்ததே. அன்றைக்கு அவர் அந்தப் பக்கமே இல்லை. மகள் ஊருக்குப் போயிருந்தார். அதை நிரூபித்து முடிப்பதற்குள் நான்கு தடவை அலைந்து, இரண்டு வாரக் கூலியை இழந்துவிட்டார்.

எனக்குத் தகவல் தெரிந்து ஓடிப்போனபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. 'விடுங்க சாமி. வழி காட்டினவனுக்குத்தான் எப்பவும் அடி. அப்பவும் அப்படித்தானே' என்றார். 'அப்ப' என்று அவர் சொன்னது வீரப்பன் காலத்தை.

ஆண்டர்சனிலிருந்து நேராக நம் மலையேற்றக் குழுக்களுக்குத் தாவுகிற வாசகர்கள் (நானும்தான்) நடுவில் இருக்கும் அந்தக் காலத்தை விட்டுவிடுகிறோம். ஒகேனக்கல்லிலிருந்து காவிரியின் அக்கரையில் கோபிநத்தம், அவருடைய சொந்த ஊர். 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டி பக்கம் அவர் சுட்டுக்கொல்லப்படும் வரை பல வருடங்கள் இந்தக் காட்டில் யாரும் பொழுதுபோக்காக நடக்கவில்லை. நடந்தவர்கள் இங்கேயே வாழ்ந்தவர்கள். அவன் கேட்டபோது வழி காட்டினால் அதிரடிப்படை கேட்கும். அதிரடிப்படைக்கு வழி காட்டினால் அவன் கேட்பான். அந்தச் சமயத்துச் சித்திரவதைப் புகார்களை விசாரிக்க தேசிய மனித உரிமை ஆணையம் சதாசிவா குழுவை அமைக்கும் அளவுக்கு நிலைமை போயிற்று. இரண்டு பக்கமும் கேட்ட கேள்வி ஒன்றேதான்: வழி யாருக்குத் தெரியும்? பைரனிடம் ஆண்டர்சன் கேட்டதும் அதே கேள்வி. நான் கேட்டதும்.

இன்றைக்கு வழியை அரசாங்கமே திறந்துவிடுகிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்த பிறகு விதிகள் இறுகின. 2024-ல் வனத்துறை தமிழ்நாடு முழுக்க 40 தடங்களை இணையத்தில் முன்பதிவு செய்து நடக்கும்படி அறிவித்தது. உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறார்கள். இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். வழி காட்டுவது குற்றமாகாமல் சம்பளமாவது பெரிய மாற்றம். ஆனால் 40 தடங்களில் நடந்துவிட்டு வந்து எழுதப்படும் பதிவுகளைப் படித்துப் பாருங்கள். கிலோமீட்டர் இருக்கும், ஏற்றம் எத்தனை மீட்டர் என்று இருக்கும், எந்த ஷூ, எந்த இட்லி என்று இருக்கும். கூட வந்தவர் 'கைடு'. பெயர் கிடையாது, அவர் என்ன சொன்னார் என்பது கிடையாது. நாம் ஆண்டர்சனிடமிருந்து மைல்களை எடுத்துக்கொண்டு பைரனை விட்டுவிட்டோம்.

இப்படிக் குற்றம் சொல்கிற நானே என்ன செய்தேன்? சம்பவம் தெரிந்த அன்று ராத்திரி உட்கார்ந்து கோப்பை எடுத்தேன், புகைப்படத்தை எடுத்தேன், ஊர் பெயரை எடுத்தேன், அவர் பெயரையும் எடுத்தேன். மிஞ்சியது நான், மரங்கள், ஒரு 'உள்ளூர்ப் பெரியவர்'. திரும்பப் படித்துப் பார்த்தால் ஏதோ நானே லத்தியைப் புரட்டி, லங்கூர் நிறுத்தியதைக் கேட்டு, குழுவை உட்கார வைத்த மாதிரி இருந்தது. பாதுகாப்பாக எழுதப்போய் திருட்டாகிவிட்டது. பெயரைப் போட்டால் காட்டிக்கொடுத்தல், பெயரை எடுத்தால் அபகரித்தல். தடக் கோப்பின் பிரதிகள் இன்னும் எங்கெங்கோ சுற்றிக்கொண்டிருக்கின்றன, அவற்றை அழிக்க முடியவில்லை. அழிக்க முடிந்தது அவர் பெயர் மட்டும்தான். மூன்றாம் வாசிப்பு என்று மேலே சொன்னது இதற்குப் பிறகு நடந்ததுதான். பைரன் அத்தியாயத்தை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். ஆண்டர்சன் பெயரை மாற்றியிருக்கலாமே, ஆற்றின் பெயரைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று ஒரு பக்கம் தோன்றும். மாற்றியிருந்தால் எழுபது வருடம் கழித்து எனக்குப் பைரன் என்று ஒரு மனிதர் இருந்தது தெரிந்திருக்காதே என்று இன்னொரு பக்கம் தோன்றும்.

போன மாசி மாதம் அஞ்செட்டிப் பேருந்தைப் பிடித்துப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். காட்டுக்குள் போகவில்லை, ரோட்டோர டீக்கடையில்தான் சந்திப்பு. பையில் புத்தகம் இருந்தது. பைரன் அத்தியாயத்திலிருந்து கொஞ்சம் தமிழில் சொல்லிக் காட்டினேன். சின்னாறு, நாட்டுத்துப்பாக்கி, துரை காட்டிக்கொடுக்காமல் விட்டது எல்லாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆளு பேரு நெசமாவே பைரனா?"

"அப்படித்தாங்க ஐயா போட்டிருக்கு."

"எங்க தாத்தா பேருகூட பைரன்தான். இங்க பாதிப் பேருக்கு அதான் பேரு" என்று சிரித்தார். பிறகு, "எத்தனை வருசமா இருக்கு அந்தப் புஸ்தகத்துல?"

"எழுபது வருசம் ஆச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"வழியை எடுத்தீங்க, அது சரி. எம் பேரை எதுக்கு சாமி எடுத்தீங்க?"